பழைய அட்லாண்டாவை நோட்டீஸ் பக்கத்திலிருந்து படிப்பது எப்படி

கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்குப் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து பிரிக்கும் பழக்கம் லேசில் போகாது. கோர்ட் ஏலம், பாகஸ்தர் விலகல், 'எங்கள் கட்சிக்காரர் கீழ்க்கண்ட சொத்தைக் கிரயம் பெற இருப்பதால்' என்று ஆரம்பிக்கும் பொது அறிவிப்பு, எல்லாவற்றையும் ஒரு கண் ஓட்டிய பிறகுதான் தலைப்புச் செய்தி. இப்போது மகள் வீட்டோடு அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துக் கம்மிங் ஊரில் இருக்கிறேன். இங்கே 1800-களின் பேப்பர்களை ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கை தானாகப் பின்பக்கத்துக்குத்தான் போனது.

அட்லாண்டா முளைத்த கதை அந்தப் பக்கங்களில் இருக்கிறது. யார் கடன் வாங்கினார், யார் செத்தார், யார் கடையை மூடினார், யாருடைய நிலம் யார் கைக்குப் போனது, எல்லாம். ஆனால் ஒற்றை நோட்டீஸைப் படித்தால் எதுவும் புரியாது. ஒரே பெயர் மாதக்கணக்கில் எந்தெந்த இடத்தில் தலை காட்டுகிறது என்று கோத்துப் பார்க்க வேண்டும், அதன் பக்கத்திலேயே கடை விளம்பரத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எந்தப் பேப்பர், எந்தக் கோர்ட்

அட்லாண்டா நோட்டீஸை அட்லாண்டா பேப்பரில்தான் தேட வேண்டும் என்று தோன்றும். ஆரம்ப காலத்துக்கு அது உதவாது. 1837-ல் ரயில் பாதை முடியும் இடம் இதுதான் என்று ஒரு முளை அடித்தார்கள். அந்த இடத்துக்கு டெர்மினஸ் என்று பெயர். 1843 டிசம்பரில் மார்த்தாஸ்வில் என்று ஊரானது. 1845-ல் அட்லாண்டா. 1847 டிசம்பர் 29-ல்தான் நகரம் என்ற அந்தஸ்து. முதல் பேப்பரான 'லூமினரி' 1846-ல் வந்தது, நீண்ட நாள் தாக்குப்பிடித்த 'இன்டெலிஜென்சர்' 1849-ல். அதற்கு முந்தைய நோட்டீஸ் எல்லாம் வேறு ஊர்ப் பேப்பர்களில் கிடக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது மில்லெட்ஜ்வில். 1807 முதல் 1868 வரை அதுதான் மாநிலத் தலைநகர். 1809-ல் தொடங்கிய 'ஜார்ஜியா ஜர்னல்', 1820-ல் தொடங்கிய 'சதர்ன் ரெக்கார்டர்', 1830-ல் தொடங்கிய 'ஃபெடரல் யூனியன்' மூன்றும் சொந்தப் பேப்பர் இல்லாத கவுண்டிகளின் கோர்ட் நோட்டீஸைப் பத்தி பத்தியாகப் போட்டன. அப்புறம் அகஸ்டா, மேக்கன், ஏதென்ஸ்.

கவுண்டி என்பதை நம் ஊர்த் தாலுகா, மாவட்டம் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் எந்தக் கவுண்டி பெயரில் வரும் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. இன்றைய அட்லாண்டாவின் நடுப்பகுதி 1821 வரை கிரீக் மக்களின் நிலம். அந்த ஆண்டு ஒப்பந்தத்தில் அவர்களிடமிருந்து எடுத்து, குலுக்கலில் வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்தார்கள். அப்போது அது ஹென்றி கவுண்டி. 1822-ல் டிகால்ப் கவுண்டி, தலைமையிடம் டிகேட்டர். 1853-ல் டிகால்பைப் பிரித்து ஃபுல்டன். ஆகவே 1840-களில் அட்லாண்டா மனை ஒன்று ஏலம் போனால் ஏலம் நடந்த இடம் டிகேட்டர் கோர்ட் வாசல். தேடும்போது 'அட்லாண்டா' என்று போட்டால் வராது, 'டிகால்ப்' என்று போட வேண்டும். அதையும் ஒரே சொல்லாக ஒரு முறை, 'டி' தனி 'கால்ப்' தனி என்று இடைவெளி விட்டு ஒரு முறை. அச்சுக் கோப்பவர் அன்றன்றைக்குத் தோன்றியபடி கோத்திருக்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1842-ல் டிகேட்டர் கோர்ட் கட்டடம் தீப்பிடித்துப் பதிவேடுகள் போய்விட்டன. அதற்கு முந்தைய டிகால்ப் விவகாரங்களுக்கு, வெளியூர்ப் பேப்பரில் அச்சான நோட்டீஸ்தான் பல சமயம் மிச்சமிருக்கும் ஆதாரம். சார்பதிவாளர் அலுவலகமே எரிந்து, வில்லங்கம் பார்க்கப் பழைய பேப்பர் கட்டு மட்டும் கையில் இருந்தால் நாம் என்ன செய்வோமோ, அதுதான் இது.

பேப்பர்களைப் பார்க்க 'ஜார்ஜியா ஹிஸ்டாரிக் நியூஸ்பேப்பர்ஸ்' என்ற இணையக் கிடங்கு போதும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் டிஜிட்டல் லைப்ரரி அதை நடத்துகிறது. காசும் கேட்பதில்லை, கணக்கும் தொடங்கச் சொல்வதில்லை. பக்கத்து மாநிலங்களுக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா'.

கட்டத்துக்குள் இருக்கும் சட்டம்

அந்தக் காலத்து வாரப் பேப்பர் பெரும்பாலும் நான்கே பக்கம், ஒரே பெரிய தாளை மடித்தது. நோட்டீஸ் மூன்றாம், நான்காம் பக்கங்களில் இருக்கும். நோட்டீஸுக்குள் இறங்குமுன், அந்தப் பத்திகளின் தலையில் சின்ன எழுத்தில் ஒரு அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஜார்ஜியா பேப்பர்கள் பல வாரா வாரம் இதைப் போட்டன. எந்த நோட்டீஸ் எத்தனை நாள் வெளிவர வேண்டும் என்ற சட்ட விதிகளின் சுருக்கம் அது. இறந்தவரின் நிலத்தை நிர்வாகி விற்பதென்றால் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்திலிருந்து மாலை மூன்றுக்குள், சொத்து இருக்கும் கவுண்டியின் கோர்ட் கட்டடத்தில். அதற்கு 60 நாள் முன்னறிவிப்பு. பின்னாளில் 40 ஆனது. கடன் கொடுத்தவர், கடன் பட்டவர் இருவருக்கும் அறிவிப்பு 40 நாள். நிலத்தை விற்கக் கோர்ட் அனுமதி கேட்பதென்றால் நான்கு மாதம். இறந்தவர் சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் நிர்வாகப் பத்திரம் கேட்டு வரும் மனுவுக்கு 30 நாள். நிர்வாகி பொறுப்பிலிருந்து விடுபட, மாதம் ஒரு முறையாக ஆறு மாதம். கடன் கட்டாத அடமானச் சொத்தின் மேல் நடவடிக்கை எடுப்பதற்கு மாதம் ஒன்றாக நான்கு மாதம்.

இதைத் தனித்தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பெரிய பொக்கிஷம். ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டால், இதற்கு முன்னால் எது வந்திருக்க வேண்டும், அடுத்தது எந்த மாதம் வரும் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். ஸ்கேன் மங்கலாகி எழுத்துத் தேடலில் சிக்காத நோட்டீஸைக்கூட, தேதியைக் கணக்கிட்டு நேரே அந்த இதழைத் திறந்து கண்ணால் பிடிக்கலாம்.

ஷெரிஃப் ஏலம்: ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

வழக்கமான வாசகம் இப்படி ஓடும். பெயர்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன்:

'பிப்ரவரி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, டிகால்ப் கவுண்டி டிகேட்டர் நகரக் கோர்ட் வாசலில், சட்டப்படியான ஏல நேரத்துக்குள், கீழ்க்கண்ட சொத்து விற்கப்படும்: முதலில் ஹென்றியாக இருந்து இப்போது டிகால்பாக உள்ள கவுண்டியின் 14-ஆவது டிஸ்ட்ரிக்டில், இன்ன எண் லாட், 202½ ஏக்கர், கூடவோ குறையவோ. இன்னாருடைய சொத்தாக ஜப்தி செய்யப்பட்டது. இன்னாருக்குச் சாதகமாக சுப்பீரியர் கோர்ட் பிறப்பித்த ஃபை ஃபாவை ஈடுகட்ட. சொத்தைக் காட்டியவர் வாதி.'

முதலில் 'ஃபை ஃபா'. பழைய லத்தீன் பெயரின் சுருக்கம். தீர்ப்புக் கடனை ஜப்தி செய்து வசூல் பண்ணு என்று ஷெரிஃபுக்குக் கோர்ட் தரும் உத்தரவு. நம் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டு, அமீனா போய் ஜப்தி செய்வதற்குச் சமம். இது எந்தக் கோர்ட்டிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுப்பீரியர் கோர்ட் என்றால் பெரிய தொகை, முறையான வழக்கு. 'கான்ஸ்டபிள் ஜப்தி செய்து என்னிடம் ஒப்படைத்தது' என்று ஷெரிஃப் எழுதியிருந்தால், கிராமத்து ஜஸ்டிஸ் கோர்ட்டில் கிடைத்த சில்லறைக் கடன் தீர்ப்பு. சில்லறைக் கடனுக்கு 202½ ஏக்கர் ஏலத்துக்கு வருகிறதே என்று முதலில் திகைப்பாக இருக்கும். அப்போது நிலம் அவ்வளவு மலிவு, காசு அவ்வளவு அருமை.

'சொத்தைக் காட்டியவர்' என்ற கடைசி வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். வாதி காட்டினாரா, பிரதிவாதியே காட்டினாரா என்பது அதில் இருக்கும். பிரதிவாதியே ஒரு நிலத்தைக் காட்டிக் கொடுத்திருந்தால் வேறு ஏதோ ஒரு சொத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் என் தொழில் புத்தி சொல்லும். அடுத்த சில மாதம் அவர் பெயரை விடாமல் பின்தொடருங்கள்.

லாட் எண்தான் அடுத்தது. 1821 குலுக்கலில் இந்தப் பகுதியை 45 சங்கிலிக்கு 45 சங்கிலி சதுரங்களாக வெட்டினார்கள். ஒரு சதுரம் ஒரு லாட்; பல லாட் சேர்ந்த அளவைப் பிரிவு டிஸ்ட்ரிக்ட், நம் ஊர் மாவட்டம் அல்ல. சங்கிலி என்பது நம் சர்வேயர்களும் பிடித்த அதே 66 அடிச் சங்கிலிதான். அதனால்தான் 202½ ஏக்கர் என்ற விசித்திரமான கணக்கு. ஆள் பெயர் மாறும், ஊர் பெயர் மாறும், கவுண்டி மாறும், லாட் எண் மாறாது. 14-ஆவது டிஸ்ட்ரிக்டின் 77-ஆம் லாட், அட்லாண்டா நகரத்தின் நடுமையம். அதை வைத்திருந்த சாமுவேல் மிட்செல் 1842-ல் அதிலிருந்து ஐந்து ஏக்கரை ரயிலுக்காக மாநிலத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். அருகில் உள்ள 51-ஆம் லாட்டில் ஹார்டி ஐவி 1833-லேயே குடியேறிவிட்டார். இந்த இரண்டு எண்களையும் பழைய நோட்டீஸ்களில் எங்கே கண்டாலும் நிறுத்திப் படியுங்கள்.

இன்றைக்கும் ஜார்ஜியா கிரயப் பத்திரங்களில் இந்த எண் இருக்கிறது. எங்கள் ஃபோர்சைத் கவுண்டி 1832 குலுக்கலில் செரோக்கி மக்களின் நிலத்திலிருந்து பிரித்தது. தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இங்கே 40 ஏக்கர் துண்டுகளாக வெட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் லேண்ட் லாட், டிஸ்ட்ரிக்ட், 'முதல் செக்‌ஷன்' என்று மூன்றும் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பக்கம் வீடு வாங்கிய தமிழர்கள் உங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். அந்த எண்ணை 1830-களின் மில்லெட்ஜ்வில் பேப்பரில் தேடினால், குலுக்கலில் 'அதிர்ஷ்டம் அடித்தவர்' அதை விற்க முயன்ற விளம்பரம் கிடைத்தாலும் கிடைக்கும். அப்போது செரோக்கி மக்கள் அந்த நிலத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், வெளியேற்றியது 1838-ல். அவர்கள் தரப்பைப் படிக்க, நியூ எகோட்டாவிலிருந்து 1828 முதல் 1834 வரை செரோக்கி, ஆங்கிலம் இரண்டிலும் வந்த 'செரோக்கி ஃபீனிக்ஸ்' பேப்பரும் அதே கிடங்கில் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் படிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நில வழக்கு நோட்டீஸில் ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்ற பெயர்களைக் கண்டால் அப்படி இருவர் அந்த ஊரில் இருந்ததாக நினைத்துத் தேடப் போகாதீர்கள். வெளியேற்ற வழக்குக்காக வக்கீல்கள் வைத்துக்கொண்ட பொம்மைப் பெயர்கள் அவை. உண்மையான கட்சிக்காரர்களின் பெயர் அடுத்த வரியில் இருக்கும்.

தேதியும் அச்சகக் குறியும்

நோட்டீஸ் பிழைப்பே தேதியில்தான். 'இன்ஸ்ட்' என்று சுருக்கி எழுதியிருந்தால் நடப்பு மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம், 'ப்ராக்ஸ்' என்றால் வரும் மாதம். ஆனால் எதற்கு நடப்பு மாதம்? நோட்டீஸ் எழுதிய தேதிக்கு. உங்கள் கையில் இருக்கும் இதழின் தேதிக்கு அல்ல. ஒரே நோட்டீஸ் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதால் இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம் விழுந்துவிடும்.

ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். அச்சகக்காரர் தன் வசதிக்காகப் போட்டது. ஒரு தேதியும், பக்கத்தில் '4டி' என்பதுபோல் எண்ணும் இருந்தால், அந்தத் தேதியில் ஆரம்பித்து நான்கு முறை வரும் என்று அர்த்தம். 'டிடிஎஸ்' என்றால் ஏல நாள் வரை. 'எம்6எம்' என்றால் மாதம் ஒரு முறை, ஆறு மாதம். 'டிஎஃப்' என்றால் 'நிறுத்தச் சொல்லும் வரை'. இந்த டிஎஃப்தான் ஆட்களைக் கவிழ்த்துவிடும். கடைக்காரர் நிறுத்தச் சொல்ல மறந்திருப்பார், அல்லது கடையே போயிருக்கும், விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கடை 1851-ல் இருந்தது என்று 1851 விளம்பரத்தை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. அடியில் இருக்கும் தேதியைப் பார்த்து, அந்தத் தேதியில் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

ஒருவர் செத்த பிறகு

ஏலத்தைவிட எனக்குப் பிடித்தது இந்த வரிசை. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் 'உறவினரும் கடன்காரரும் வந்து ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்' என்ற அழைப்பு முதலில் வரும். பிறகு 'இவருக்குக் கடன் தர வேண்டியவர்கள் உடனே கட்டுங்கள், இவரிடமிருந்து வர வேண்டியவர்கள் கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள்'. அதன் பின் நிலம் விற்க அனுமதி. பின் ஏலம். கடைசியில் நிர்வாகிக்கு விடுதலை. 1852-க்கு முன் என்றால் இதையெல்லாம் கேட்டது இன்ஃபீரியர் கோர்ட் நீதிபதிகள். அதற்குப் பிறகு 'ஆர்டினரி' என்ற தனி அதிகாரி. நோட்டீஸின் அடியில் யார் கையெழுத்து என்று பார்த்தாலே காலத்தை ஓரளவு மதிப்பிடலாம்.

அழைப்பு வந்த தேதியிலிருந்து பின்னோக்கிப் போனால் இறந்த நாள் ஏறக்குறையக் கிடைக்கும். நிர்வாகப் பத்திரம் கேட்டவர் யார் என்பதைக் கவனியுங்கள். மனைவியா, மகனா, மருமகனா? இவர்கள் யாரும் இல்லாமல் அதிகம் கடன் கொடுத்த ஆள் கேட்டிருந்தால் குடும்பம் மூழ்கிக்கொண்டிருக்கிறது. நோட்டீஸில் பிள்ளைகளை 'அநாதைகள்' என்று போட்டிருந்தால் தாயும் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தகப்பன் இல்லையென்றாலே அப்படித்தான் எழுதினார்கள்; தாய் அதே வீட்டில் இருந்திருக்கலாம்.

மனிதர்களை விற்ற நோட்டீஸ்

கட்டத்துக்குள் இருக்கும் அந்த விதிச் சுருக்கத்தின் முதல் வரியை நான் மேலே பாதிதான் சொன்னேன். 'நிலம், நீக்ரோக்கள் விற்பனை' என்றுதான் அது ஆரம்பிக்கும். 1865 வரை எந்தத் தெற்கத்திய ஊரின் நோட்டீஸ் பக்கத்தைத் திறந்தாலும் லாட் எண்ணுக்கு அடுத்தபடியாக மனிதர்கள் வருவார்கள். பெயர், சுமார் வயது, சில சமயம் தொழில், சில சமயம் 'கைக்குழந்தையோடு'. கடனாளியின் குதிரை, வண்டி, இறகு மெத்தை, அறுவடையாகாத சோளம் எல்லாம் இருக்கும் அதே பட்டியலில். இறந்தவரின் சொத்து என்றால் ஜனவரி மாதத்தில் இவர்களை ஓராண்டு வாடகைக்கு விடும் அறிவிப்பும் வரும். ஜெயிலர் நோட்டீஸ் இன்னொன்று: ஓடிவந்ததாகப் பிடிபட்டவர் ஜெயிலில் இருக்கிறார், உரிமையாளர் வந்து 'உடைமையை நிரூபித்து, செலவைக் கட்டி, அழைத்துப் போகவும்'. அதே பக்கத்தில் வழி தவறிய மாடு, கோவேறு கழுதை பற்றிய அறிவிப்பையும் பாருங்கள். வாசகம் கிட்டத்தட்ட அதேதான்.

படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று இந்த நோட்டீஸ்களைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தள்ளக் கூடாது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் வயது, பால், நிறம் உண்டு, பெயர் கிடையாது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வருவது 1870 கணக்கெடுப்பில்தான். அதற்கு முன் தன் கொள்ளுப்பாட்டனின் பெயரைத் தேடும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு, ஷெரிஃபின் ஏல நோட்டீஸில் இருக்கும் ஒற்றைப் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே குறிப்பு எடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். உரிமையாளர் பெயரின் கீழே 'மூவர்' என்று எழுதி முடிக்காமல், ஒவ்வொருவருக்கும் தனி வரி ஒதுக்குங்கள். முதல் பத்தியில் அவர் பெயர், அடுத்து வயது, யாரோடு சேர்த்துக் குறிப்பிடப்பட்டார், யார் கையில் இருந்தார், யாருடைய கடனுக்காக, எந்தத் தேதி. கடன் கொடுத்தவர் பெயரையும் எழுத வேண்டும், ஏனென்றால் ஏலத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் சுவடு அவர் வீட்டுக் கணக்கில் கிடைக்கலாம். ஓடிப்போனவர்களைப் பற்றிய விளம்பரங்களைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் 'ஃப்ரீடம் ஆன் தி மூவ்' திரட்டியிருக்கிறது. விடுதலைக்குப் பிறகு தாயை, அண்ணனைத் தேடி அவர்களே போட்ட விளம்பரங்களை வில்லனோவா பல்கலைக்கழகத்தின் 'லாஸ்ட் சீன்' திரட்டியிருக்கிறது. உங்கள் வரிகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வியாபாரச் செய்தி

இப்போது கடை வீதிக்கு வருவோம். 1850-ல் அட்லாண்டாவின் மக்கள்தொகை 2,572. 1860-ல் 9,554. பத்தே ஆண்டில் இப்படி ஊதுகிற ஊரில் கடை திறப்பதும் மூடுவதும் ஓயாது. 1845 செப்டம்பரில் அகஸ்டாவிலிருந்து ஜார்ஜியா ரயில்ரோடு வந்து சேர்ந்தது, அடுத்த ஆண்டு மேக்கனிலிருந்து இன்னொன்று. ரயில் கம்பெனியே அட்லாண்டா ஹோட்டலைக் கட்டியது. ஜோனதன் நார்கிராஸ் மரம் அறுக்கும் ஆலையும் கடையும் வைத்திருந்தார். 1848-ல் அவரைத் தோற்கடித்து முதல் மேயரானவர் மோசஸ் ஃபார்ம்வால்ட், தகர வேலைக்காரர். சாராயம் காய்ச்சும் பாத்திரம் செய்து விற்றவர். நார்கிராஸ் மதுவிலக்குப் பக்கம். அந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ள இருவருடைய தொழிலும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்தக் காலத்தில் 'உள்ளூர் வியாபாரச் செய்தி' என்று தனியாக ஒன்றும் இருக்காது. விளம்பரம், பாகஸ்தர் அறிவிப்பு, விலைப் பட்டியல் மூன்றிலும் இருந்து நீங்கள்தான் செய்தியை எடுக்க வேண்டும். பாகஸ்தர் அறிவிப்பை முதலில் பாருங்கள். 'பரஸ்பரச் சம்மதத்தின் பேரில் கூட்டு கலைக்கப்பட்டது' என்றுதான் எல்லாமே சொல்லும். அதை அப்படியே நம்ப வேண்டாம். கணக்குப் புத்தகம் யார் கையில் போனது, பாக்கியை யாரிடம் கட்டச் சொல்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அவர்தான் ஜெயித்தவர். விலகியவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஓராண்டு ஷெரிஃப் ஏலப் பத்திகளைத் துழாவுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'நியூயார்க்கிலிருந்து புதுச் சரக்கு வந்திருக்கிறது' என்று முழங்கியவர் நான்காம் பக்கத்தில் ஜப்தியில் கிடப்பதை நானே பலமுறை பார்த்தேன். எதிர்க்கடைக்காரரே வாதியாக இருந்தால் கதை இன்னும் சுவாரசியம்.

விலைப் பட்டியலில் பஞ்சு பவுண்டுக்கு எத்தனை சென்ட் என்று வரும். பஞ்சு விலை இறங்கிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் ஏல நோட்டீஸ்களை எண்ணிப் பாருங்கள். உள்நாட்டுப் போர்க்காலத்து விலைகளை மட்டும் தனியே வையுங்கள். 1863, 1864-ல் தெற்கத்திய நோட்டு செல்லாக்காசாகிக்கொண்டிருந்தது. அந்தத் தொகைகளை முன்பின் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் கணக்குப் பிசகும்.

தபால் நிலையத்தில் யாரும் வந்து வாங்காத கடிதங்களின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒருவர் ஊருக்கு வந்துபோனாரா, அல்லது அங்கே இருப்பதாக யாராவது நினைத்தார்களா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அகஸ்டா, சவானா பேப்பர்களில் ரயிலில் யாருக்குச் சரக்கு வந்தது என்ற பட்டியலும் வரும்.

போருக்குப் பின் தொனி மாறுகிறது. 'உள்ளூர்த் துணுக்குகள்' என்ற பத்தி தலையெடுக்கிறது, 'நமது சுறுசுறுப்பான நகரவாசி' புதுக் கடை திறந்தார் என்று ஆசிரியர் தாளம் போடுகிறார். அதே இதழில் அந்தச் சுறுசுறுப்பானவரின் விளம்பரம் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். 1867 மத்தியச் சட்டத்தின் கீழ் திவால் நோட்டீஸ்கள் 1878-ல் அந்தச் சட்டம் ரத்தாகும் வரை வருகின்றன. 1868 மாநில அரசியல் சட்டப்படி 2,000 டாலர் மதிப்புள்ள நிலத்தையும் 1,000 டாலர் மதிப்புள்ள பொருளையும் ஜப்தியிலிருந்து காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கு மனுப் போட்டவர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. யார் யார் கழுத்தளவு கடனில் இருந்தார்கள் என்பதற்கு இதுவே பட்டியல்.

சரிபார்ப்பது

நோட்டீஸ் வந்ததாலேயே ஏலம் நடந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கடைசி நேரத்தில் பணம் கட்டியிருக்கலாம், ஏலம் கேட்க ஆள் வராமல் போயிருக்கலாம். அதே லாட் இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தால் முதல் தடவை போகவில்லை என்று அர்த்தம். போயிருந்தால் ஷெரிஃப் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம், அந்தக் கவுண்டி சுப்பீரியர் கோர்ட் கிளார்க்கின் பத்திரப் புத்தகத்தில் இருக்க வேண்டும். பழைய புத்தகங்களின் மைக்ரோஃபிலிம் மாரோ ஊரில் உள்ள ஜார்ஜியா ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். பத்திரம் கிடைத்தால் வாங்கியவர் பெயரும் விலையும் தெரியும். நோட்டீஸில் இவை இரண்டும் ஒருபோதும் இருக்காது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பேப்பர் பெயர், இதழ் தேதி, பக்கம், பத்தி, அச்சகக் குறி, நோட்டீஸ் எழுதிய தேதி ஆறும் வேண்டும். இதழ் தேதியையும் நோட்டீஸ் தேதியையும் ஒரே கட்டத்தில் போட்டால் பின்னால் திண்டாட்டம்.

இன்றைய நோட்டீஸில் கொஞ்சம் பழகிவிட்டு அப்புறம் பழையதற்குப் போவதும் நல்ல வழிதான். ஜார்ஜியாவில் கவுண்டிக்கு ஒரு பேப்பரைச் சட்ட அறிவிப்புக்கென்று இன்றும் குறித்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் கட்டாதவர் சொத்துக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம் விளம்பரம் செய்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, கோர்ட் வாசலில், காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள் ஏலம் விடுகிறார்கள். அவற்றில் ஒன்றைப் படித்து லேண்ட் லாட், டிஸ்ட்ரிக்ட், கவுண்டி மூன்றையும் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு கிடங்கைத் திறந்து, 1845 தேதி வரம்பு வைத்து, 'முதல் செவ்வாய்க்கிழமை' என்பதன் ஆங்கிலத் தொடரையும் டிகால்பையும் சேர்த்துத் தேடுங்கள். 'ஷெரிஃப் ஏலம்' என்று தேடினால் குறைவாகத்தான் வரும். அந்தத் தலைப்பு அலங்கார எழுத்தில் இருப்பதால் கணினிக்குப் படிக்க வராது.